‘பன்றி இறைச்சி இல்லை’ என்றால் ஹலால் ஆகிவிடுமா? வெளிநாட்டுச் சீன உணவகங்களும் நாமும்

இலங்கையில் ‘சைனீஸ்’ என்ற சொல் எமக்கு அந்நியமானதல்ல. கொழும்பிலும் கண்டியிலும் கல்முனையிலும் எமது சகோதரர்கள் நடத்தும் ஹோட்டல்களின் மெனுவில் ஃபிரைட் ரைஸ், சொப்சி, மொங்கோலியன் ரைஸ் எல்லாம் இருக்கின்றன. ஹொட் பட்டர் கணவாய் என்று நாம் விரும்பிச் சாப்பிடும் உணவு சீனாவில் கிடைக்காது. அது இலங்கைச் சமையலறைகளில் பிறந்த ‘சீன’ உணவு. சொப்சி கூட அமெரிக்காவில் குடியேறிய சீனர்கள் மூலம் புகழ்பெற்றதே. சுருங்கச் சொன்னால், நாம் ஊரில் சாப்பிட்ட சைனீஸ் பெரும்பாலும் எமது உணவுதான். சமைப்பவர் முஸ்லிம், கோழியை அறுத்தவர் முஸ்லிம், சோயா சோஸ் மட்டுமே சீனத்து வாசம்.

இந்தப் பழக்கத்தோடு ஒருவர் மெல்போர்னுக்கோ லண்டனுக்கோ சியோலுக்கோ போகிறார். வேலையிடத்து நண்பர்கள் சீன உணவகத்துக்கு அழைக்கிறார்கள். மெனுவில் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. எக் ஃபிரைட் ரைஸ், வெஜிடபிள் நூடில்ஸ், சூப். ‘பன்றி இறைச்சி மட்டும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குகிறார். இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது. பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் சட்டிக்குள் இருப்பது வேறு.

இது யாரையும் பயமுறுத்த எழுதப்படும் கட்டுரை அல்ல. ‘சீனன் கடைப்பக்கமே போகாதே’ என்று சொல்வதும் எமது நோக்கமல்ல. ஏனெனில் சீனச் சமையலுக்குள்ளேயே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான ஒரு முஸ்லிம் சமையல் இருக்கிறது. அதை அறியாமல் பலர் பட்டினியோடு திரும்புகிறார்கள். மறுபக்கம், கேட்க வெட்கப்பட்டு எதையும் சாப்பிட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமை.

ஊரில் இலச்சினை கேட்கிறது, வெளியில் நாமே கேட்க வேண்டும்

2013 ஆம் ஆண்டு ஹலால் சான்றிதழுக்கு எதிராக எழுந்த பிரசாரத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் விளைவாக அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்தச் சான்றிதழ் பணியிலிருந்து ஒதுங்கியது. பின்னர் ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் அப்பணியை ஏற்றது. பல்லின நாடொன்றில் ஒரு சிறிய இலச்சினை எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதை அந்தச் சர்ச்சை எமக்கு உணர்த்தியது. கடையில் பிஸ்கட் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குகிறோம். எமக்காக வேறொருவர் ஏற்கெனவே தொழிற்சாலைக்குப் போய்க் கேள்வி கேட்டுவிட்டார்.

வெளிநாட்டில், அதுவும் முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாட்டில், ஒரு சீன உணவகத்தின் மேசையில் அமரும்போது அந்தக் கேள்வியைக் கேட்க வேறு யாரும் இல்லை. மேசையில் இருக்கும் ஒரே முஸ்லிம் நாமாகவே இருக்கலாம். ஆகவே சட்டிக்குள் என்ன இருக்கும் என்ற அடிப்படை அறிவு எமக்கு அவசியமாகிறது.

சட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலாவது, ‘இறைச்சி’ என்ற சொல்லே. சீன மொழியில் ‘ரோ’ என்றால் இறைச்சி. ஆனால் எந்த மிருகம் என்று குறிப்பிடாமல் வெறுமனே ‘ரோ’ என்றால் அது பெரும்பாலும் பன்றி இறைச்சியையே குறிக்கும். மாடு, ஆடு, கோழி என்றால்தான் தனியாகச் சொல்வார்கள். எனவே மெனுவில் மொட்டையாக ‘மீட் டம்ப்ளிங்’, ‘மின்ஸ்ட் மீட்’ என்று இருந்தால் அதைப் பன்றி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மரக்கறி என்று நாம் நம்பும் உணவுகள். எண்ணெயில் வதக்கிய பச்சைப் போஞ்சிக்கறியில் கொத்திய பன்றி இறைச்சி தூவப்படுவது வழமை. ‘மாப்போ தோஃபு’ என்ற காரமான சோயாக்கட்டிக் கறி சிச்சுவான் மாகாணத்தில் மாட்டிறைச்சியோடு பிறந்த உணவு. ஆனால் வெளிநாட்டு உணவகங்கள் பலவற்றில் பன்றியோடு வருகிறது. ஃபிரைட் ரைஸில் ‘சார் சியூ’ எனும் சிவந்த வாட்டிய பன்றித் துண்டுகள் இருக்கலாம். முள்ளங்கிக் கேக்கில் பன்றித் தொத்திறைச்சி இருக்கும். இறால் உள்ளது என்று நாம் எடுக்கும் ‘சியூ மை’ எனும் டிம் சம் வகையில் இறாலோடு பன்றியும் சேர்ந்தே இருக்கும். உள்ளே சூப் ததும்பும் டம்ப்ளிங் வகையின் சூப், பன்றித் தோலை வேகவைத்து எடுத்த கட்டிச் சாறு உருகி வருவதுதான்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதவை. பன்றிக் கொழுப்பு சீனச் சமையலில் எமது ஊர்த் தேங்காய் எண்ணெய் போன்றது. மாவுப் பண்டங்களிலும், பழைய முறையில் செய்யும் முட்டை டாட்டிலும், சில இடங்களில் வெறும் கீரை வதக்கலிலும் கூட அது இருக்கும். சூப்பின் அடிப்படைச் சாறு கோழியும் பன்றி எலும்பும் சேர்த்துக் கொதிக்கவைத்ததாக இருக்கலாம். ‘எக்ஸ்-ஓ சோஸ்’ என்று ஒன்று உண்டு. கடலுணவு வாசம் வரும், ஆனால் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையும் அதில் ஒரு பகுதி.

நான்காவது, மது. ‘ஷாவ்ஷிங்’ என்ற அரிசி மது சீனச் சமையலில் மீன் வாடையையும் இறைச்சி வாடையையும் நீக்கப் பயன்படுகிறது. நாம் தேசிக்காயும் மஞ்சளும் போடும் இடத்தில் அவர்கள் இதை ஊற்றுகிறார்கள். ஆவியில் வெந்த மீன், இறால் பொரியல், கோழி வதக்கல் என எல்லாவற்றிலும் இது சேரும். பன்றியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு மீனை வாங்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஐந்தாவது, பெயர் மயக்கம். ‘வயல் கோழி’ என்று மொழிபெயர்த்து ஒரு உணவு சில மெனுக்களில் இருக்கும். அது கோழியல்ல, தவளை. ஷாபிஈ மத்ஹபில் தவளை கூடாது என்பது தெரிந்ததே. சிப்பி சோஸைப் பொறுத்தவரை, கடல் உயிரினங்கள் ஆகுமானவை என்பதே எமது மத்ஹபின் நிலைப்பாடு. ஆகவே சிப்பி என்பதற்காக அஞ்சத் தேவையில்லை, அதில் வேறென்ன கலந்துள்ளது என்பதையே பார்க்க வேண்டும். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் பாகிஸ்தான், துருக்கி நண்பர்கள் அதைத் தவிர்த்தால் ஆச்சரியப்படவும் வேண்டாம்.

மது கொதித்தால் போய்விடாதா?

இது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ‘சூட்டில் மதுசாரம் ஆவியாகிவிடும், பிறகென்ன?’ என்பார்கள். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

ஒன்று, விஞ்ஞானத்தின் பதில். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, கொதிக்கும் உணவில் மதுவை ஊற்றி அடுப்பிலிருந்து இறக்கினால் ஏறத்தாழ 85 சதவீத மதுசாரம் அப்படியே எஞ்சுகிறது. 15 நிமிடம் கொதித்த பின் 40 சதவீதமும், ஒரு மணித்தியாலத்தின் பின் 25 சதவீதமும், இரண்டரை மணித்தியாலம் கொதித்தாலும் 5 சதவீதமும் எஞ்சுகின்றன. சீனத் தாச்சியில் ஒரு வதக்கல் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே ‘எல்லாம் போய்விடும்’ என்பது சரியல்ல.

மற்றது, மார்க்கத்தின் பதில். மதுவை விட்டும் முற்றாக விலகியிருக்குமாறு சூரா அல்மாஇதாவின் 90 ஆம் வசனம் பணிக்கிறது. மது நஜீஸ் என்பதும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. எனவே வேண்டுமென்றே மது ஊற்றிச் சமைத்த உணவில் எத்தனை சதவீதம் எஞ்சியது என்று கணக்குப் பார்ப்பதற்கு இடமில்லை.

ஆனால் சோயா சோஸ் வேறு. அதில் இயற்கையான நொதித்தலால் மிகச் சிறிய அளவு மதுசாரம் உண்டாகும். அது மதுவாகத் தயாரிக்கப்பட்டதல்ல, போதைக்காகக் குடிக்கப்படுவதுமல்ல. ஹலால் சான்றிதழ் பெற்ற சோயா சோஸ்கள் பரவலாக விற்கப்படுகின்றன. வினாகிரியும் அப்படியே. நபி (ஸல்) அவர்கள் வினாகிரியை நல்ல தொடுகறி எனப் பாராட்டியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு ‘சோயா சோஸும் ஹராம்’ என்று கிளம்புவதும் தேவையற்றது.

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு

சவூதியிலும் குவைத்திலும் பன்றி இறைச்சியும் மதுவும் தடைசெய்யப்பட்டவை. அங்குள்ள சாதாரண சீன உணவகங்களில் இந்தக் கேள்விகளுக்கு இடமே குறைவு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் கதை சற்று வேறு. அங்கு ஹோட்டல்களுக்குள் உரிமம் பெற்று நடக்கும் சில உணவகங்களில் பன்றியும் மதுவும் பரிமாறப்படுவதுண்டு. ‘துபாய் தானே, எல்லாம் ஹலால்தான்’ என்று மெனுவைப் பார்க்காமல் ஓடர் கொடுப்பது சரியல்ல.

மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் முயிஸ் ஆகியவை சான்றிதழ் வழங்குகின்றன. சான்றிதழ் இல்லாத ஒன்றை ஹலால் என்று விளம்பரப்படுத்துவது மலேசியாவில் 2011 ஆம் ஆண்டின் வர்த்தக விவரண ஒழுங்குகளின்படி குற்றம். இவ்விரு நாடுகளிலும் நாம் அதிகம் காணும் பலகை ‘நோ போர்க், நோ லார்ட்’ என்பதாகும். பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். கோழி எப்படி அறுக்கப்பட்டது, மது ஊற்றப்படுகிறதா என்பவற்றுக்கு அந்தப் பலகையில் பதில் இல்லை. அதை எழுதியவர் எம்மை ஏமாற்றவில்லை. அவர் சொல்லாத ஒன்றை நாமே சேர்த்து வாசித்துவிடுகிறோம்.

கொரியாவுக்கு ஈ.பி.எஸ். மூலம் தொழிலுக்குச் செல்லும் எமது இளைஞர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலைகளில் அவசரத்துக்குத் தொலைபேசியில் அழைத்து வரவழைப்பது பெரும்பாலும் சீன உணவகத்துச் சாப்பாடு. அதில் முதலிடம் ‘ஜாஜங்மியோன்’ எனும் கறுப்பு நூடில்ஸுக்கு. ஷாண்டோங் பகுதியிலிருந்து இன்ச்சோன் துறைமுகத்துக்கு வந்த சீனர்கள் கொண்டுவந்த உணவு அது. மேலே இருக்கும் கறுப்புச் சோஸைப் பார்த்தால் அவரை விழுதும் வெங்காயமும் மட்டுமே தெரியும். ஆனால் அது வழமையாகப் பன்றித் துண்டுகளோடும் பல இடங்களில் பன்றிக் கொழுப்போடும் வதக்கப்படுகிறது. துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதால் அது ஹலால் ஆகாது. ஜப்பானில் சீன வழிவந்த ராமென் சூப் பல கடைகளில் பன்றி எலும்பில் எடுக்கப்படுகிறது. கியோசா பெரும்பாலும் பன்றியே.

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ‘எமது கோழி ஹலால்’ என்று சொல்லும் சீன உணவகங்களைக் காணலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே கடையில் அதே தாச்சியில், அதே பொரிக்கும் எண்ணெயில் பன்றியும் சமைக்கப்பட்டால் கோழி மட்டும் ஹலாலாக இருந்து என்ன பயன்? பிரித்தானியாவில் எச்.எம்.சி., எச்.எஃப்.ஏ. என்று வெவ்வேறு அமைப்புகள் சான்றிதழ் வழங்குகின்றன. மிருகத்தை மயக்கமுறச் செய்து அறுப்பது குறித்து இவற்றின் நிலைப்பாடுகள் வேறுபடுகின்றன. அங்கு வாழ்வோர் தமது பள்ளிவாசல் உலமாக்களிடம் கேட்டு, தமக்கு மனநிறைவான ஒன்றைப் பின்பற்றுவதே நல்லது.

மார்க்கம் காட்டும் நடுவழி

ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இரண்டுக்குமிடையில் பலருக்குத் தெரியாத சந்தேகமானவை உண்டு என்ற கருத்திலமைந்த நபிமொழி நாம் அனைவரும் அறிந்தது. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. சந்தேகமானதைத் தவிர்ப்பவர் தனது மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார்.

வெளிநாட்டு வாழ்வுக்கு நேரடியாகப் பொருந்தும் இன்னொரு ஹதீஸ் உண்டு. அபூ ஸஃலபா அல்குஷனி (ரழி) என்ற ஸஹாபி, தாம் வேதக்காரர்களின் பூமியில் வசிப்பதாகவும் அவர்களது பாத்திரங்களில் உண்ணலாமா என்றும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றில் உண்ண வேண்டாம், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்ற கருத்தில் பதில் வந்தது. சிறுபான்மையாக வாழும் ஒரு முஸ்லிமின் பாத்திரப் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. ஸஹாபாக்களே கேட்ட கேள்வி அது. அவர் வெட்கப்படாமல் கேட்டதால்தான் எமக்கு இந்த வழிகாட்டல் கிடைத்தது.

ஷாபிஈ மத்ஹபில் பன்றி கடுமையான நஜீஸ். பன்றி பட்ட பாத்திரத்தை மண் கலந்த தண்ணீரால் ஒரு தடவை உட்பட ஏழு தடவைகள் கழுவ வேண்டும் என்பதே மத்ஹபின் நிலைப்பாடு. ஆதாரத்தைப் பார்க்கும்போது பன்றிக்கு ஒரு தடவை கழுவுவதே போதும் என்ற கருத்து வலுவானது என இமாம் நவவி (ரஹ்) குறிப்பிட்டிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், தினமும் பன்றி சமைக்கும் தாச்சியைக் கழுவாமல் அதிலேயே எமக்கு மரக்கறி வதக்கித் தந்தால் அது பிரச்சினைக்குரியதே.

‘பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டால் சரி’ என்று சிலர் ஆஇஷா (ரழி) அவர்களின் ஹதீஸைக் காட்டுவார்கள். அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியாத இறைச்சியைப் பற்றி அதில் கேட்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த இறைச்சியைக் கொண்டுவந்தவர்கள் புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் என்பதும் அதே ஹதீஸில் இருக்கிறது. முஸ்லிம் மீது நல்லெண்ணம் கொள்ளச் சொல்லும் ஒரு வழிகாட்டலை, அறுத்தவர் யாரென்றே தெரியாத சந்தை இறைச்சிக்குப் பொருத்த முடியாது.

அதேவேளை, ஒவ்வொரு பருக்கையையும் துருவித் துருவி ஆராய்ந்து எம்மையும் அடுத்தவரையும் வருத்திக்கொள்வதும் மார்க்கம் அல்ல. நம்பகமான சான்றிதழ் இருந்தால், அல்லது நம்பகமான முஸ்லிம் உரிமையாளர் ஹலால் என்று சொன்னால், அதற்கு மேல் சமையலறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

சீனத்தின் சொந்த ஹலால் சமையல்

‘சீனர்கள் எதையும் சாப்பிடுவார்கள்’ என்று நம்மில் சிலர் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. சீனாவில் ஹுய் முஸ்லிம்கள் ஒரு கோடிக்கும் அதிகம், உய்குர் முஸ்லிம்கள் ஒரு கோடிக்கும் அதிகம் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். இலங்கை முஸ்லிம்களின் மொத்தத் தொகையைப் போல் பல மடங்கு மக்கள், தலைமுறை தலைமுறையாகப் பன்றி தொடாமல் சீன உணவு சமைத்து வாழ்கிறார்கள்.

சீன மொழியில் ஹலால் உணவைக் குறிக்கும் சொல் ‘சிங்ஜென்’. தூய்மை, உண்மை என்ற இரு பொருள்கள் சேர்ந்த சொல் அது. பள்ளிவாசலைக் குறிக்கவும் இதே சொல்லையே பயன்படுத்துகிறார்கள். கடைப் பலகையில் இது இரண்டு எழுத்துகளாக, பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். முதல் எழுத்தின் இடப்பக்கத்தில் மூன்று சிறு துளிகள் போன்ற கோடுகள் இருக்கும். இந்த இரண்டு எழுத்துகளின் படத்தைத் தொலைபேசியில் சேமித்து வைத்துக்கொள்வது எந்த நாட்டிலும் உதவும். 2019 இல் பீஜிங் நகரில் உணவகப் பலகைகளிலிருந்த அரபு எழுத்துகளை நீக்குமாறு அதிகாரிகள் பணித்தார்கள். ஆகவே சீனாவுக்குப் போகிறவர்கள் அரபு ‘ஹலால்’ எழுத்தை மட்டும் நம்பித் தேடாமல் இந்தச் சீன எழுத்துகளையும் அடையாளம் கண்டுகொள்வது நல்லது.

ஈவூ, குவாங்சோ நகரங்களுக்கு வியாபாரத்துக்குப் போய்வரும் எமது சகோதரர்களுக்கு லன்ஜோ மாட்டிறைச்சி நூடில்ஸ் கடைகள் நன்கு பழக்கம். மாவை இழுத்து இழுத்துக் கண்முன்னே நூலாக்கும் கடைகள் அவை. சீன நகரங்களெங்கும் இந்தக் கடைகளைக் காணலாம், பெரும்பாலும் நடத்துபவர்கள் ஹுய் முஸ்லிம்கள். 1915 அளவில் லன்ஜோ நகரில் மா பாவ்ட்ஸி என்ற ஹுய் முஸ்லிம் இதை விற்றுப் பிரபலமாக்கியதாகச் சொல்வார்கள். தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடில்ஸ் என்று ஐந்து நிறங்கள் சேர்ந்தால்தான் அது சரியான லன்ஜோ நூடில்ஸ். ஷிஆன் நகரின் பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள முஸ்லிம் தெருவில், ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஆட்டிறைச்சிச் சூப் ஊற்றித் தருவார்கள். பீஜிங்கில் 1903 இல் ஒரு ஹுய் முஸ்லிம் தொடங்கிய ‘தொங்லாய்ஷுன்’ ஆட்டிறைச்சி ஹொட்பொட்டுக்குப் பெயர்பெற்றது. சீனப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர்களுக்குத் தனி சிங்ஜென் சிற்றுண்டிச்சாலைகளும் உள்ளன. மருத்துவம் படிக்கப் போகும் எமது பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதைத் தேடிக்கொள்ள வேண்டும்.

சீனாவுக்கு வெளியிலும் இந்தச் சமையல் இருக்கிறது. சிட்னியின் ஓபர்ன் பகுதியிலும் அடிலெய்டிலும் லண்டனிலும் உய்குர் உணவகங்கள் உள்ளன. அவர்களுடைய ‘போலோ’ என்பது கரட்டும் ஆட்டிறைச்சியும் சேர்ந்த சோறு, எமது புரியாணிக்குத் தூரத்து உறவு. சீரகம் தூவிய ஆட்டிறைச்சிக் கபாப், கையால் இழுத்த நூடில்ஸான லக்மன், பெரிய தட்டில் உருளைக்கிழங்கோடு வரும் காரக் கோழி எல்லாம் எமது நாக்குக்கு இதமானவை. இவற்றிலும் சில கடைகளில் மது விற்கப்படுவதுண்டு என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த முறை நண்பர்கள் ‘சைனீஸ் போவோமா?’ என்று கேட்டால், ‘போவோம், ஆனால் இடத்தை நான் சொல்கிறேன்’ என்று இங்கே அழைத்துச் செல்லலாம். அழைப்பை மறுப்பதை விட இது எவ்வளவோ மேல்.

இந்த உறவு எமக்குப் புதியதும் அல்ல. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். 1409 ஆம் ஆண்டுத் திகதி பொறித்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. அதைக் கொண்டுவந்த சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே, யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அதற்கு முன்பே, 1344 இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலையேறிய இப்னு பதூதா, பின்னர் சீனா சென்றதாகத் தனது பயணக் குறிப்பில் எழுதுகிறார். அந்நாட்டின் செழிப்பை வியந்தாலும், வெளியில் கண்ட பழக்கங்களால் மனம் ஒப்பாமல் இருப்பிடத்திலேயே தங்கியிருந்ததாகவும், அங்குள்ள முஸ்லிம்களைக் கண்டபோது உறவினரைக் கண்டது போல் இருந்ததாகவும் சொல்கிறார். வெளிநாடு போன எவருக்கும் இந்த உணர்வு புரியும்.

வேலையிடத்து விருந்து

உண்மையில் அதிகமானோர் தடுமாறுவது குடும்பத்தோடு போகும்போதல்ல, அலுவலக விருந்தின்போதுதான். சுழலும் வட்ட மேசை, நடுவில் பத்துப் பன்னிரண்டு பொதுத் தட்டுகள், எல்லோருடைய குச்சிகளும் எல்லாத் தட்டுக்கும் போகும். ஹொட்பொட் என்றால் ஒரே சட்டியில் எல்லோரும் இறைச்சியை முக்கி எடுப்பார்கள். இந்த மேசையில் அமர்ந்த பிறகு கேள்வி கேட்பது கஷ்டம். ஆகவே கேட்க வேண்டிய நேரம் அமர்வதற்கு முந்திய நாள்.

அழைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ‘பன்றி சாப்பிட மாட்டேன்’ என்று மட்டும் சொன்னால் பன்றித் துண்டு இல்லாத, பன்றிச் சூப்பில் வெந்த ஒன்று வரும். ‘நான் முஸ்லிம், சிங்ஜென் உணவு மட்டுமே சாப்பிடுவேன்’ என்று சொன்னால் சீனாவிலிருந்து வந்த எவருக்கும் உடனே புரியும். அவர்களுடைய நாட்டிலேயே அப்படி வாழும் மக்களை அவர்கள் அறிவார்கள்.

அதற்கும் வழியில்லாதபோது, பௌத்தர்களின் தூய சைவ உணவகம் ஒன்றைப் பரிந்துரைக்கலாம். அங்கு இறைச்சியோ மிருகக் கொழுப்போ சமையலறைக்குள்ளேயே வராது. சமையல் மது சேர்க்கிறார்களா என்பதை மட்டும் கேட்டால் போதும். சாதாரண உணவகம்தான் என்றாகிவிட்டால், பழமும் தேநீரும் எடுத்துக்கொண்டு பேச்சில் கலந்துகொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. சீனர்கள் குடிக்கும் தேநீர் பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். அது எமக்கும் ஆகுமானதே.

மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக திர்மிதியில் வருகிறது. தொழில் நிமித்தம் தவிர்க்க முடியாத சந்தர்ப்பங்களில் என்ன செய்வது என்பதை ஒவ்வொருவரும் தமது உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மது இல்லாத பகல் உணவுக்கு நாமே முந்திக்கொண்டு அழைப்பது பல நேரங்களில் இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடும்.

உணவகத்தில் கேட்க வேண்டியவை நான்கே நான்கு கேள்விகள். இறைச்சி ஹலால் சான்றிதழ் பெற்றதா, யாருடைய சான்றிதழ்? இந்தச் சமையலறையில் பன்றி சமைக்கப்படுகிறதா? எந்த எண்ணெய், எந்தச் சூப்? சமையல் மது சேர்க்கிறீர்களா? இவற்றை அந்நாட்டு மொழியிலும் சீன மொழியிலும் எழுதித் தொலைபேசியில் வைத்துக்கொண்டால், காட்டினாலே போதும். ஒவ்வாமை உள்ளவர்கள் ‘இதில் கடலை இருக்கிறதா?’ என்று தினமும் கேட்கிறார்கள். பரிமாறுபவர் கோபிப்பதில்லை, உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்கிறார். எமது கேள்வியும் அப்படித்தான்.

கேட்கும் முறை

கேட்பது எமது உரிமை. முகம் சுளிப்பது உரிமையல்ல. அடுத்தவர் தட்டில் இருப்பதைப் பார்த்து ‘சீ’ என்பதும், மேசையிலேயே ஹராம் ஹலால் பிரசங்கம் செய்வதும், சீனர்களின் உணவைக் கேலி செய்வதும் எமது பண்பல்ல. 2013 இல் எமது உணவை வைத்து எம்மை இழிவுபடுத்தியபோது எமக்கு வலித்தது. அந்த வலியை அறிந்த சமூகம் இன்னொரு சமூகத்தின் சாப்பாட்டைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூ ஹுரைரா (ரழி) அறிவிக்கிறார்கள்.

வெளிநாட்டில் பிறந்து வளரும் எமது பிள்ளைகளின் விடயம் இதைவிட முக்கியமானது. பாடசாலை நண்பனின் பிறந்தநாள் விருந்து சீன உணவகத்தில் நடக்கும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். ‘அங்கே போகாதே’ என்று மட்டும் கற்ற பிள்ளை ஒருநாள் போகும், எதையும் கேட்காமல் சாப்பிடும். ஏன் கேட்கிறோம், எப்படி மரியாதையாகக் கேட்பது என்று எமது வாயாலேயே பார்த்துப் பழகிய பிள்ளை, தனியாக இருக்கும்போதும் கேட்கும். பதினாறு வயதில் அந்தப் பிள்ளை புன்னகையோடு ‘இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கப் பழகியிருந்தால், எந்த நாட்டில் எந்த மேசையில் அமர்ந்தாலும் அவனுக்கு அது போதும், இன்ஷா அல்லாஹ்.